நரம்பின் வழி கண்ட ரமோன் இ கஹால்

கையில் அரிவாள் பட்ட காயம் சில நாளில் ஆறிவிடுகின்றது. அக்காயத்தில் அறுபட்ட நரம்பும், தக்க சிகிச்சை பெறின், மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, மரத்துப்போன விரலுக்கு மீண்டும் உணர்ச்சியைத் தருவதுண்டு. ஆனால் பனையினின்று தவறி விழுந்து முதுகுத் தண்டு அறுபட்டவன் எழுந்து நடப்பது அரிதினும் அரிது. முதுமையில் தான் பெற்ற மக்களின் பெயரையே மறந்துவிட்ட தாய்க்கு அந்நினைவு திரும்புவதும் இல்லை. ஒரே உடலிலுள்ள நரம்புகளுள் ஒரு பகுதி அறுபட்ட பின் வளர, மற்றொரு பகுதி வளராது நிற்பது ஏன்? முதன்முதலில் தாயின் கருவறையில் அவை எவ்வாறு வழியறிந்து வளர்ந்தன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஸ்பெயின் தேசத்துப் பேரறிஞராகிய ஸாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பார். அவருடைய சரிதத்தையும், அவர் கருத்தளவில் கண்டு சென்ற ஒரு பொருள் பிற்காலத்தில் கைக்கு எட்டிய வரலாற்றையும் நேயர்களுக்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கஹால் 1852-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி, ஸ்பெயினின் வடபாகத்திலுள்ள பெதில்யா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ரமோன் வறுமையினின்று தம் முயற்சி ஒன்றாலேயே மேலெழுந்த வைத்தியர். முதலில் கிராமத்து ரண வைத்தியராயிருந்து, பின்னர்ப் பெருமுயற்சி செய்து பட்டம் பெற்றவர். பொருள் ஈட்டுதற்கு உதவாத கலை எதுவும் வீண் என்பது அவர் கொள்கை. மகனோ கையில் கரித்துண்டு கிடைத்தால் சுவரையும், காகிதம் கிடைத்தால் காகிதத்தையும் சித்திரத்தால் நிரப்பும் இயல்பினன்.

இவ்விருவருக்கும் ஓயாத போராட்டம் நிகழ்ந்தது. ஒருமுறை தந்தையார் மகன் எழுதிய படமொன்றை, அவ்வூர்க் கோயிலுக்கு வர்ணம் பூச வந்திருந்த ஒரு தொழிலாளியிடம் காட்டிக் கருத்துக் கேட்டனர். அவர் படத்தைப் பார்த்துப் பையனுக்குச் சித்திரம் வராது என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அன்று முதல் தூரிகையும் வர்ணமும் வீட்டில் விலக்கப்பட்ட பொருள்களாயின. பள்ளியில் பாடங்களை நெட்டுருச் செய்ய மறுத்தமையால் ஆசிரியர்களிடம் அடியும் பட்டினித் தண்டனையும் பெற்றார். பதினோராம் வயதில், தாமே செய்த மரப் பீரங்கியால் அயலார் வாயிற்கதவை உடைத்துச் சில நாள் சிறையிலும் இருந்தார். படிப்பில் மனஞ்செல்லாத மகனைத் தந்தையார் முடி திருத்துபவரிடத்தும், பின்னர்ப் பாதரட்சை செய்பவரிடத்தும் வேலை பழக விட்டனர். கஹால் அத்தொழில்களை இகழ்ந்தாரில்லை. பாதரட்சை செய்வதில் நல்ல கைத்திறமும் காட்டினார் என்று தெரிகின்றது.

தந்தையும் மகனும் ஒன்றுபட்டது ஒரு பழைய இடுகாட்டில் என்றால் நேயர்கள் வியப்புறலாம். 1868-ஆம் வருஷத்துக் கோடையில், மகனுக்கு உடற்கூற்று நூலைக் கற்பிக்க எண்ணிய தந்தையார், கைவிடப்பட்ட இடுகாடொன்றிலிருந்து எலும்புகளைச் சேகரித்து வந்து, ஒவ்வொன்றையும் அவர் முன் வைத்துப் பாடம் நடத்தினார். ஏட்டில் உள்ளதை ஒப்பிக்க மறுத்த பையன், கண்ணாற் கண்ட எலும்பை அப்படியே படமாக எழுதினான். வரையத் தகாது என்று விலக்கிய கைக்கு வரையத்தக்க பொருள் கிடைத்துவிட்டது. தந்தையார் அப்படங்களைக் கண்டு தாமே பெருமிதம் கொண்டனர்.

ஸரகோஸா நகரத்து வைத்தியக் கலாசாலையில் 1873-ஆம் வருஷம் பட்டம் பெற்ற கஹால், அடுத்த ஆண்டு சேனை வைத்தியராகக் கூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்து ஆஸ்பத்திரியில் போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர், தாமே மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் எலும்புருவாய் 1875-இல் ஊர் திரும்பினார். அங்குப் பெற்ற சம்பளத்தில் மிஞ்சிய பணத்தைக்கொண்டு அவர் வாங்கியது நிலமன்று, வீடன்று, ஒரு மைக்ராஸ்கோப். 1878-இல் க்ஷயரோகம் பற்றி வாய்வழியே இரத்தம் கண்டது. மலைவாசத்தாலும் மன உறுதியாலும் பிழைத்தெழுந்து, அடுத்த ஆண்டு ஸில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். மக்கள் எழுவர் பிறந்தனர். சொற்ப வருமானத்தில் அக்குடும்பத்தையும் கணவருடைய ஆராய்ச்சிச் செலவையும் முகங்கோணாது நடத்திய அவ்வம்மையாரின் பெயரை, அவர் கணவர் புகழ் பேசுமிடமெல்லாம் கூறுதல் நியாயம் என்பது எம் கருத்து.

வாலென்ஸியா நகரில் உடற்கூற்றுப் பேராசிரியராய் அமர்ந்த கஹால், 1885-இல் அங்கு வாந்திபேதி நோய் பரவியபோது அதன் கிருமியை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதற்குச் சன்மானமாக ஸரகோஸா மாகாண சபையார் மிக உயர்ந்த ஜெர்மானிய மைக்ராஸ்கோப் ஒன்றை அளித்தனர். கருவி வந்தது, அதனாற் காணத்தக்க பொருளும் இரண்டாண்டில் வந்தெய்தியது.

அக்காலத்தில் மூளையைப்பற்றி அறிஞர் கொண்டிருந்த கருத்து இன்னதென இங்கு அறிதல் வேண்டும். உடலின் மற்றைய உறுப்புக்கள் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் மூளை மட்டும் அப்படியன்று, அதன் நார்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிக் கலந்து ஒரே வலையாய் அமைந்தவை என்று பலர் எண்ணினர். இத்தாலிய தேசத்து காமிலோ கோல்ஜி 1873-இல் வெள்ளி உப்பைக்கொண்டு நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் முறையொன்றைக் கண்டிருந்தார். அம்முறையில், எண்ணிறந்த அணுக்களுள் ஏதோ சில மட்டும் மஞ்சள் நிறத்தினிடையே கறுப்புக் கோடுகளாய்க் கிளைகளோடு முழுதும் தோன்றும். அவ்வளவு அருமையான முறையைக் கண்ட கோல்ஜியும் வலைக் கொள்கையையே பற்றி நின்றார். 1887-இல் மாட்ரிட் நகரில் லூயிஸ் ஸிமார்ரோ என்னும் வைத்தியர் வீட்டில் அச்சாயமிட்ட துண்டுகளைக் கண்ட கஹாலுக்கு வேறு எந்த ஆராய்ச்சியிலும் மனம் செல்லவில்லை. அவ்வாண்டே பார்ஸலோனாவுக்கு மாறி, வீட்டின் பின்புறத்து அறையொன்றில் வேலை தொடங்கினார்.

கோல்ஜி முறையின் குறை யாதெனில், வளர்ந்த மூளையில் நார்களுக்கு மேலுறை கட்டிவிடுவதால் சாயம் உள்ளே ஏறாது; பல கோடுகள் இடையில் அறுந்து நிற்கும். கஹால் ஓர் எளிய உபாயம் செய்தார். முற்றிய மூளையை விடுத்து, கோழிக் கருவையும் பிறந்து சில நாளான பிராணிகளின் மூளையையும் எடுத்துக்கொண்டார். நெய்து முடிந்த சேலையில் ஓர் இழை எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்று கண்டறிதல் அரிது. தறியில் பாவு விரிக்கும்போது சென்று பார்ப்பவனுக்கு ஒவ்வோர் இழையும் தனியே புலப்படும். அவ்வாறே, வளரும் மூளையில் ஒவ்வோர் அணுவின் நாரும் தனித்து ஓடி, மற்றோர் அணுவை நெருங்கி, அதனோடு கலவாது நுனியற்று நிற்பதை 1888-இல் கஹால் கண்டார். மூளை வலையன்று, எண்ணிறந்த தனி அணுக்களின் கூட்டம் என்பது தெளிவாயிற்று. அச்செய்தியைப் பிரசுரிக்கத் தாமே சொந்தச் செலவில் ஒரு பத்திரிகை தொடங்கிச் சில படிகளே அச்சிட்டு, அயல் தேசத்து அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஸ்பானிய மொழியில் வந்த அதனைப் படிப்பார் மிகச் சிலரே.

ஆகவே 1889-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், சேமித்த பணத்தைச் செலவிட்டு, பெர்லின் நகரில் கூடிய உடற்கூற்று அறிஞர் மகாநாட்டுக்குத் தாமே மைக்ராஸ்கோப்பும் கண்ணாடித் துண்டுகளும் ஏந்திச் சென்றார். பெயரறியாத அயலார் ஒருவரை முதலில் எவரும் மதித்திலர். கஹால் வாதம் செய்யவில்லை; தம் துண்டுகளைக் கருவியில் வைத்து, வந்தவரைக் கண்ணிட்டுப் பார்க்கச் செய்தார். அம்மகாநாட்டில் மூத்தவராகிய கோல்லிக்கர் பார்த்தார். பார்த்தவுடன் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார். முதிய வயதில் கஹாலின் நூல்களைப் படிக்கும் பொருட்டு ஸ்பானிய மொழியையும் அவர் கற்றனர் என்ப. தாம் பல்லாண்டு கொண்டிருந்த கொள்கை பிழையென இளையான் ஒருவன் காட்டியபோது அதனை ஒப்புக்கொண்ட அப்பெருந்தன்மை, கண்டுபிடிப்பினும் குறைந்ததன்று.

இனி எம் முதல் வினாவுக்கு வருவோம். நார்கள் தனித்தனியே வளர்கின்றனவாயின், அவை தத்தம் இடத்தை அறிவது எங்ஙனம்? 1890-இல் கஹால் கோழிக் கருவின் முதுகுத் தண்டில், வளரும் நார் ஒவ்வொன்றின் நுனியிலும் கூம்புபோற் பருத்த ஒரு பகுதியைக் கண்டு அதற்கு வளர்ச்சிக் கூம்பு எனப் பெயரிட்டார். அவர் பார்த்தது சாயமிட்டு இறந்துபோன துண்டையே. எனினும், வெற்றிலைக் கொடியின் கொழுந்து பற்றுக்கோலைத் தேடி நீள்வதுபோல, அக்கூம்பு உயிருள்ள கருவில் தடவித் தடவி முன்னேறியிருக்க வேண்டும் என்று துணிந்தார். 1892-இல் விழித்திரையை ஆராய்ந்தெழுதியபோது மேலும் ஒருபடி சென்றார். நாருக்கு இலக்காகிய அணுக்கள் ஏதோ ஒரு நுண்ணிய ரஸாயனப் பொருளைச் சுரக்கின்றன. அதன் வாடையை நுகர்ந்தாற்போல வளர்ச்சிக் கூம்பு அத்திசை நோக்கித் திரும்புகின்றது என்பது அவர் அனுமானம். அப்பொருளை அவர் கண்டதில்லை; பிரித்தெடுக்கும் உபாயமும் அக்காலத்தில் இல்லை.

அவ்வாண்டிலேயே மாட்ரிட் சர்வகலாசாலைப் பதவி கிடைத்தது. 1894-இல் லண்டன் ராயல் சங்கத்தார் சிறப்புப் பிரசங்கம் செய்ய அழைத்தனர். 1906-இல் நோபல் பரிசு அவருக்கும் கோல்ஜிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் நகரில் அப்பரிசை ஏற்று முதலிற் பேசிய கோல்ஜி, தனி அணுக் கொள்கை தவறென்றே மறுத்துரைத்தார். மறுநாள் பேசிய கஹால் தம் சான்றுகளை அடுக்கிக் காட்டினார். கோல்ஜியின் சாயமில்லையேல் கஹாலின் கண்டுபிடிப்பு இல்லை; ஒரே கருவியைக்கொண்டு ஒருவர் கண்டதை மற்றவர் காணாது போதலும் உண்டு.

மறு ஆண்டாகிய 1907-இல், அமெரிக்காவில் ராஸ் ஹாரிஸன் தவளைக் கருவின் நரம்புத் துண்டைக் கண்ணாடியின் மேல் ஒரு நிணத்துளியில் உயிரோடு வைத்து, வளர்ச்சிக் கூம்பு நகர்வதை நேரிற் கண்டார். கஹால் பதினேழு ஆண்டுகளுக்கு முன் இறந்த துண்டிலிருந்து அனுமானித்தது மெய்யாயிற்று.

பின்னர்க் கஹாலின் மனம் எம் இரண்டாம் வினாவின்மேற் சென்றது. கை கால்களில் அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்வதையும், மூளையிலும் முதுகுத் தண்டிலும் அறுபட்ட நார் சிறிது துளிர்த்துப் பின் வாடிவிடுவதையும் அவர் கண்டார். அவர் மாணாக்கர் பிரான்ஸிஸ்கோ தெய்யோ 1911-இல் ஓர் அரிய சோதனை செய்தார். முயலின் கால் நரம்புத் துண்டொன்றை எடுத்து அதன் மூளையினுள் வைத்தார். வளராது என்று கருதப்பட்ட மூளை நார்கள் அத்துண்டினுள் புகுந்து வளர்ந்தன. ஆகவே குறை நாரில் இல்லை. அதனைச் சூழ்ந்த இடத்தில் வளர்ப்பதற்கு வேண்டிய பொருள் இல்லை என்று கஹால் கருதினார். இவற்றையெல்லாம் 1913, 1914-ஆம் வருஷங்களில் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். அதன் அச்சுச் செலவை ஏற்றவர், பிழைப்பை நாடி அர்ஜென்டினா தேசம் சென்று குடியேறிய ஸ்பானிய வைத்தியர்கள். வளர்ந்த மனிதனின் மூளையில் நரம்புப் பாதைகள் அழியக்கூடும், மீண்டும் பிறவா என்னும் கடுமையான முடிவை அந்நூலில் எழுதிய அவர், அவ்விதியை மாற்றுதல் இயலுமாயின் அது வருங்காலத்தார் கடமை என்றும் குறித்துச் சென்றார்.

மனைவியார் 1930-இல் மறைந்தார். கஹால் 1934-ஆம் வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி, தம் 82-ஆம் வயதில், இறுதி வரை எழுதிக்கொண்டிருந்து உயிர் நீத்தார். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான சித்திரங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன; அவருடைய ஏட்டுத் தொகுதியை 2017-இல் யுனெஸ்கோ சபையார் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தனர். தந்தையார் தீயிலிட விரும்பிய கலையே மகனுடைய அறிவுக்குக் கண்ணாயிற்று.

அவர் மறைந்த அதே 1934-இல், விக்டர் ஹாம்பர்கர் என்பார் கோழிக் கருவில் இறக்கை முளையை அகற்றினால், அவ்விறக்கைக்குச் செல்ல வேண்டிய நரம்பணுக்கள் குன்றிப்போகின்றன என்று எழுதினார். அதனைப் படித்தவர் இத்தாலியில் தூரின் நகரத்து ரீட்டா லேவி மோந்தால்சினி என்னும் பெண் வைத்தியர். 1938-ஆம் வருஷத்துச் சட்டம், அவர் யூத குலத்திற் பிறந்தார் என்ற ஒரே காரணத்தால் அவரைச் சர்வகலாசாலையினின்று வெளியேற்றியது. அவ்வம்மையார் தம் படுக்கையறையையே ஆராய்ச்சிச் சாலையாக்கி, கோழி முட்டைகளைக்கொண்டு அச்சோதனையை மீண்டும் செய்தார். அணுக்கள் பிறக்காமற் போகவில்லை. பிறந்து வளர்ந்து, இலக்கினின்று கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்று கிடையாமையால் மடிகின்றன என்று கண்டார். யுத்தம் முடிந்தபின் 1947-இல் அமெரிக்கா சென்று ஹாம்பர்கரோடு சேர்ந்து உழைத்தார். எலியின் கட்டியொன்றின் அருகே வைத்த நரம்பு முடிச்சு, ஒரே நாளில் சூரிய கிரணங்கள்போல நாற்புறமும் நார்களை வீசியது. அதற்குக் காரணமான புரதப் பொருளை ஸ்டான்லி கோஹென் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். இருவரும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். 1982-இல் பன்றி மூளையிலிருந்து அவ்வினத்து மற்றொரு காரணியும், 1994-இல் நார்களைத் திசை காட்டி இழுக்கும் நெட்ரின் என்னும் வேறு வகைப் பொருளும் பிரித்தெடுக்கப்பட்டன. கஹால் ஒன்றாக எண்ணியது, ஊட்டுவன, அழைப்பன எனப் பலவாயிற்று.

இக்காரணி வேலை செய்யும் விதம் வியக்கத்தக்கது. இலக்கிலுள்ள அணுக்கள் அதனைச் சிறிதளவே சுரக்கின்றன. நாரின் நுனியில் அதனை ஏற்பதற்கென்றே ஒரு புரதம், பூட்டுக்கு அமைந்த சாவித்துளைபோல் உளது. காரணி அதிற் பொருந்தியதும் உட்புறத்தே சைகை எழுந்து, நாரின் வழியே பின்னோக்கி அணுவின் உட்கருவை அடைந்து, வாழ்க என ஆணையிடுகின்றது. சைகை எய்தாத அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். கோழிக் கருவின் முதுகுத் தண்டில் தசைகளை இயக்கப் பிறக்கும் நரம்பணுக்களுள் ஏறக்குறைய பாதி இவ்வாறு மடிகின்றன. எத்தனை அணு வேண்டுமோ அத்தனையே எஞ்சி நிற்கும்படி இயற்கை இவ்வாறு அமைத்துள்ளது.

இச்சைகை பழுதுபடின் விளையும் கேடு பெரிது. அவ்வேற்புப் புரதத்துக்குரிய மரபணு பழுதுற்றால், நோவை உணர்த்தும் நரம்புகளும் வியர்வையை இயக்கும் நரம்புகளும் கருவிலேயே அழியும் என்பது 1996-இல் தெளிவாயிற்று. அக்குழந்தைகள் தீச்சுட்டாலும் அழுவதில்லை. வியர்வையின்றிக் காய்ச்சலால் வாடும். நோவு இல்லாத வாழ்வு வரமன்று, பெருந்துன்பம் என்பதை அவர்களைப் பெற்றார் அறிவர். முதுமை மறதி நோயில் அழியும் நரம்பணுக்களுள் ஒரு சாரன இக்காரணியை நம்பி வாழ்பவை. ஆகவே 1990-களில் ஸ்வீடன் தேசத்தில் நோயாளர் சிலருக்கு அதனை மூளையறைக்குள் நேரே செலுத்தினர். கடும் வலியும் உடல் மெலிவும் நேர்ந்தமையின் அம்முறை கைவிடப்பட்டது. நடுக்கு வாதத்துக்கென 1993-இல் கண்ட மற்றொரு காரணியும் ஐயமற்ற பலனை இன்னும் நிலைநாட்டவில்லை. நற்செய்தியும் உண்டு. நரம்பு கெட்டுப் புண்ணாகும் கருவிழிக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணியையே சொட்டு மருந்தாக இடுதல் 2018-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

தெய்யோவின் சோதனையோ எழுபது ஆண்டு பலராலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1981-இல் கானடா தேசத்தில் ஆல்பர்ட் அகுவாயோ முதலியோர், முதுகுத் தண்டுக்கும் மூளையடிக்கும் இடையே கால் நரம்பைப் பாலமாக வைத்து, நார்கள் அதனூடே நெடுந்தூரம் வளர்வதைத் தெளிவாகக் காட்டினர். ஊட்டும் பொருளின் குறைவோடு, வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களும் முதுகுத் தண்டில் உள என்பது பின்னர்ப் புலப்பட்டது. முறிந்த தண்டை முழுதும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் கடுமையான அவ்விதி நாரின் இயல்பு மட்டுமன்று, சூழலின் செயலுமாம் என்பது நிச்சயமாயிற்று. சூழலின் செயலாயின் மாற்றத்தக்கதேயாம்.

கஹாலின் சரிதத்தினின்று யாம் கொள்வது இதுவே. தாம் காணாத பொருளை உண்டென்று கூறும் துணிவும், தம்மால் முடியாததை முடியாதென எழுதும் நேர்மையும், அம்முடிவைப் பின்வருவார் மாற்றட்டும் என்று விட்டுச் செல்லும் விசாலமும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் அருமை. அவர் விட்டுச் சென்றது வெறும் புகழன்று. தீர்க்க வேண்டிய கடன். அதனைப் பிறப்பினால் விலக்கப்பட்ட ஓர் அம்மையார் படுக்கையறையிலிருந்து தீர்க்கத் தொடங்கினார். இன்றும் பலர் தீர்த்து வருகின்றனர். பெற்றோர்களே, உங்கள் குழந்தை சுவரிற் கிறுக்கும் கோட்டை உடனே அழித்துவிடாதீர்கள். அக்கை எதனை வரையப் பிறந்ததென யார் அறிவார்? நரம்பும் அழைப்பன்றோ கேட்டு வளர்கின்றது! மக்களும் அவ்வாறே. வேண்டும் தருணத்தில் அவர்களுக்கு எட்டும்படி ஓர் ஆதரவைச் சுரப்பது நம் கடமையாகும்.